பதினொரு குடம் சமத்துவம்

இரண்டு நாட்டு மக்கள் சரிசமமாகக் கைகோக்க வேண்டுமென்றால் முதலில் எங்காவது ஒரு மோட்டார் கெட்டுப்போக வேண்டும். அது திங்கட்கிழமை காலையில் கெட்டுப்போவது உத்தமம். அப்போதுதான் அலுவலகங்கள் திறந்திருக்கும்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான், நாலு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருந்த தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் 'க்ரீச்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது. அதை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிவந்தவரை எல்லோரும் மோட்டார்க்காரர் என்றே கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பிரித்துப் பார்த்தார். பேரிங் போயிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான்தான். ஆனால் மோட்டார் கடல் தாண்டி வந்தது. அந்த அளவு பேரிங், அதைச் செய்த அக்கரை நாட்டில்தான் கிடைக்கும். குடிநீர் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே இருந்த எழுத்தர் பழைய பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வெளிநாட்டுச் சாமானாச்சே! அப்ப இது தண்ணிப் பிரச்சனை இல்லண்ணே, வெளியுறவு. மாடிக்குப் போங்க" என்றார்.

மாடியில் 'இரு நாட்டுச் சமூகங்களின் சமத்துவக் கூட்டாண்மைப் பிரிவு' இருந்தது. கதவைத் திறந்தால் ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்களும் ஒரு நெற்றியும் மட்டும் தெரிந்தன.

"உக்காருங்க" என்றது நெற்றி. மோட்டார்க்காரர் உட்கார்ந்தார். அவருடைய மோவாயும் மேசை விளிம்பில் போய் இடித்தது.

விஷயம் இதுதான். அதிகாரியின் நாற்காலி, வருகிறவரின் நாற்காலியைவிட உயரமாக இருக்கக் கூடாது என்று அந்த அதிகாரி பதவியேற்ற முதல் வாரமே தன் நாற்காலிக் கால்களை அறுத்தார். கொஞ்சம் அதிகமாக அறுபட்டுவிட்டது. சரி என்று வருகிறவரின் நாற்காலியை அறுத்தார். அது இன்னும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இப்படி மாறி மாறி அறுத்து, ஒருவழியாகச் சமத்துவம் வந்தபோது நாற்காலிகள் இரண்டும் மணை உயரத்துக்கு வந்திருந்தன. அன்று முதல் அவருக்குத் தராசு சார் என்று பெயர். அதில் அவருக்குப் பெருமைதான்.

"சார், ஒரு பேரிங் வேணும்."

தராசு சார் காதைப் பொத்திக்கொண்டார். "வேணும்ங்கற வார்த்தையே இந்த மாடியில கிடையாது. நீங்க கேக்கறீங்க, அவங்க குடுக்கறாங்க. அப்ப அவங்க கை மேல, உங்க கை கீழ. உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"பேரிங் இல்லாம மோட்டார்க்காரன்னு சொல்லிக்கறதுதான் சார் வெக்கமா இருக்கு."

"எல்லார் கையையும் ஒரே மட்டத்துல வைக்கத்தான் நான் இருக்கேன். இந்தாங்க படிவம். ஒண்ணாவது கட்டத்துல, உங்ககிட்ட என்ன இல்ல, அவங்ககிட்ட என்ன இருக்குன்னு எழுதுங்க. ரெண்டாவது கட்டத்துல, அவங்ககிட்ட என்ன இல்ல, உங்ககிட்ட என்ன இருக்குன்னு எழுதுங்க. ரெண்டும் சமமா இருக்கணும்."

"எங்ககிட்ட என்ன சார் இருக்கு?"

"அப்படிச் சொல்லாதீங்க. ஒண்ணுமே இல்லாத சமூகம்னு உலகத்துல ஒண்ணு இருந்தா, அப்பறம் எங்க பிரிவையே மூடிடுவாங்க."

மோட்டார்க்காரர் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். வீடு மூன்றாவது மாடியில். ஐம்பத்து நாலு படி. அவர் மனைவி அப்போதுதான் தெருமுனை அடிபம்பிலிருந்து ஒன்பதாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினாள். அந்த வீட்டுக்கு ஒரு நாளைக்குப் பதினொரு குடம் வேண்டும். அவளுக்கு வலது முட்டியில் ஏற்கெனவே வலி. இப்போது இடது முட்டியும் அதோடு கூட்டணி சேர்ந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் தண்ணி ஏத்தற ஆளு. சொந்தப் பொண்டாட்டி குடம் சுமக்கறா. நாலு பேரு சிரிக்கறாங்க" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்கவே முடியவில்லை. எப்பாடு பட்டாவது இந்தப் பேரிங்கைக் கொண்டுவந்து, அவள் குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

"ரெண்டாவது கட்டத்துல என்ன எழுதறது? நம்மகிட்ட இருக்கறதாம், அவங்ககிட்ட இல்லாததாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழுதுங்க! சொட்டுத் தண்ணி இல்லாம எப்படிக் குடித்தனம் பண்றதுன்னு கத்துக் குடுக்கறோம்னு எழுதுங்க!"

வேறு யாராவதாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மோட்டார்க்காரர் முப்பது வருஷமாக மனைவி சொன்னதை மறுத்துப் பேசிப் பழகாதவர். அப்படியே எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் அதைப் படித்த தராசு சார் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்றார். அவ்வளவு தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுவது சாமானியக் காரியமில்லை. "இதுக்காகத்தான் ஐயா ஆறு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்!" என்றார். மோட்டார்க்காரர் எழுதிய ஒரு வரி, சாயங்காலத்துக்குள் 'நீர்சாரா இல்லற மேலாண்மை குறித்த பாரம்பரிய நுண்ணறிவுப் பகிர்வு' என்று ஆகியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் பேரிங் என்று மட்டும் இருந்தால் சமமாக இருக்காதே என்று, அதுவும் 'சுழற்சிசார் உராய்வுத் தணிப்பு உறுப்பு' ஆகிவிட்டது.

பத்து நாளில் கணினித் திரையில் கூட்டம் கூடியது. இந்தப் பக்கம் மோட்டார்க்காரர், மனைவி, முதல் மாடித் தையல்காரம்மா, தராசு சார். அந்தப் பக்கம் அதேபோல் நாலு பேர். நடுவில் மொழிபெயர்க்கும் பெண். யார் முதலில் வணக்கம் சொன்னாலும் மற்றவர் தாழ்ந்துவிடுவார் என்பதால் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி எல்லோரும் ஒரே நேரத்தில் வணக்கம் சொன்னார்கள். இணைப்பு அரை விநாடி தாமதமாக இருந்ததால் ஏழு தடவை திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று.

அக்கரை ஊரின் மோட்டாரை ஓட்டுகிறவரும் அந்த நாலு பேரில் ஒருவர். தலை நரைத்த, மீசை பெரிய மனிதர். அவர் பேரிங்கை எடுத்துத் திரைக்கு நேராகக் காட்டினார். புத்தம் புதுசு. எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்கவில்லை. பிறந்த பேரப்பிள்ளையைப் போனில் பார்க்கிறவர் மாதிரி மோட்டார்க்காரருக்குக் கண் கலங்கியது.

"எப்ப சார் அனுப்புவாங்க?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க!" என்றார் தராசு சார். "அவங்க அனுப்பினா உங்களுக்குத் தண்ணி வந்துடும். தண்ணி வந்துட்டா, தண்ணி இல்லாம வாழற வித்தைய நீங்க எப்படிக் கத்துக் குடுப்பீங்க? குழாயைத் திறந்து வச்சுக்கிட்டுப் பாடம் நடத்தறது ஏமாத்து இல்லையா? முதல்ல அவங்க முழுசாக் கத்துக்கட்டும்."

அக்கரைக்காரர்கள் இதைக் கேட்டுத் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். நல்லவர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஜனம். மொழிபெயர்க்கும் பெண் அவர்களுடைய முடிவைச் சொன்னாள்: "அவங்க ஊர்ல தண்ணி நல்லா வருதாம். வந்துக்கிட்டே இருந்தா உங்க அறிவை மரியாதையா வாங்கிக்க முடியாதாம். அதனால நாளையிலேர்ந்து மோட்டாரை நிறுத்திடறாங்களாம். ஊர் நடுவுல ஒரு குழாய் மட்டும் விட்டு வைப்பாங்களாம்."

திரையில் அக்கரை மோட்டார்க்காரர் எச்சில் விழுங்கினார். இந்தப் பக்கத்து மோட்டார்க்காரரும் விழுங்கினார். தராசு சார் கைதட்டினார். "பாத்தீங்களா? நேத்துவரைக்கும் ஒரு ஊர்ல தண்ணி, ஒரு ஊர்ல இல்ல. எவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு! ஒரே கூட்டத்துல சரி பண்ணிட்டோம்!"

வகுப்புகள் தொடங்கின. யார் பாடம் எடுப்பது என்று கேட்டபோது எல்லோரும் மோட்டார்க்காரரின் மனைவியைக் காட்டினார்கள். அவளுக்கு 'முதுநிலை வல்லுநர்' என்று பதவியும், கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் வந்தன. இதுவரை 'சொன்னாள்', 'வந்தாள்' என்று எழுதிவந்த நாமும் இனி 'சொன்னார்', 'வந்தார்' என்றுதான் எழுத வேண்டும். அட்டை அப்படி.

"காய் கழுவின தண்ணியில பாத்திரத்தைக் கழுவணும்" என்றார் அம்மையார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் எழுதிக்கொண்டார்கள். "பாத்திரம் கழுவின தண்ணியில தரையத் துடைக்கணும். தரை துடைச்ச தண்ணிய செடிக்கு ஊத்தணும்."

ஒருவர் கை தூக்கினார். "செடிக்கு ஊத்தின தண்ணிய என்ன செய்றதுன்னு கேக்கறாங்க" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

"அதைச் செடியே வச்சுக்கட்டும்."

நாற்பது பேரும் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது வாரம் வரிசையில் இடம் பிடிப்பது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வேலையை முடித்துவிட்டு வந்து, 'நான் இங்கயேதான நின்னேன்' என்று சாதிப்பது எப்படி என்று விளக்கினார். மூன்றாவது வாரம் குடிநீர்ச் சண்டை. இதில்தான் அக்கரைக்காரர்கள் தடுமாறினார்கள். வரிசையில் இடித்துக்கொண்டால் இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று குழாயைத் திறக்காமலே மணிக்கணக்கில் நின்றார்கள். தையல்காரம்மா உதவி வல்லுநராக நியமிக்கப்பட்டு, இடுப்பில் கைவைப்பது, காற்றைப் பார்த்துப் பேசுவது, போனவாரத்து விஷயத்தை இழுப்பது எல்லாவற்றையும் செய்து காட்டினார். ஒரு மாதத்தில் அக்கரையில் இரண்டு குடங்கள் நசுங்கின. தராசு சார் அதைப் படம் எடுத்து ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டார்.

அதற்குள் அது நாகரிகமாகியும் போய்விட்டது. அக்கரையில் பெரிய மனிதர்கள் வீட்டுக் கூடத்தில் குடத்தை அலங்காரமாக வைத்தார்களாம். வாளிக் குளியல் மனத்துக்கு அமைதி என்று அங்கே ஒரு மருத்துவர் எழுதிவிட்டாராம். அதைப் படித்துவிட்டு இங்கே, சொந்தக் கிணறு வைத்திருந்த மூன்றாவது தெரு மனிதர்கூட அதற்கு மூடி போட்டுவிட்டுக் குடத்தோடு அடிபம்புக்கு வந்தார். கட்டடம் முழுவதும் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். நாலாவது கட்டடத்துத் தாத்தா ஒருவர் 'அரைக்குவளையில் முகச்சவரம்' என்ற துறைக்குத் தலைவர். எல்லார் கழுத்திலும் அட்டை. வாயெல்லாம் பல்.

மோட்டார்க்காரர் மட்டும் தினமும் மோட்டார் அறைக்குப் போய் மோட்டாரைத் துணியால் துடைத்துவிட்டு வந்தார். "எப்ப சார் முடியும் பாடம்?" என்று கேட்பார். "கல்விக்கு ஏதுங்க முடிவு?" என்பார் தராசு சார்.

பிறகுதான் பெரிய செய்தி வந்தது. பரஸ்பரப் பயணம்! அங்கிருந்து பன்னிரண்டு பேர் இங்கே வருவார்கள். அடுத்த மாதம் இங்கிருந்து பன்னிரண்டு பேர் விமானத்தில் அங்கே போவார்கள். படிக்கட்டுச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். முதல் பெயர் அம்மையாருடையது. இரண்டாவது தையல்காரம்மா. மோட்டார்க்காரர் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். அவர் பெயர் இல்லை. அவருக்குத் தண்ணீர் இல்லாமல் இருப்பதில் எந்தத் திறமையும் இல்லை என்று மதிப்பீட்டுக் குழு எழுதியிருந்தது.

அக்கரைப் பன்னிரண்டு பேரும் ஒரு காலையில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு குடத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வந்ததும் வராததுமாக அடிபம்பில் வரிசையில் நின்று, கற்றதை மறக்காமல் ஒருவரையொருவர் திட்டத் தொடங்கினார்கள். கட்டடமே மாடியில் நின்று கைதட்டியது.

அந்தச் சந்தடியில் அக்கரை மோட்டார்க்காரர் மட்டும் மெல்ல நழுவினார். நேராக மோட்டார் அறைக்கு வந்தார். உள்ளே நம்மவர் துணியோடு உட்கார்ந்திருந்தார். இவர் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை இவருக்குத் தெரியாது. மீசைக்காரர் கதவைச் சாத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்தார். பிறகு தன் முட்டியைத் தொட்டுக் காட்டினார். தலையில் குடம் வைப்பதுபோல் காட்டினார். நாலு விரல் காட்டினார். அவர் வீடு நாலாவது மாடியில் போலிருக்கிறது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குவதே அவருடைய மனைவிதான் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த அம்மாள் வேலைக்குப் போகிறவர் என்பதால் குடம் சுமப்பது மீசைக்காரர்.

இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார்கள். ஒருவர் கை நீட்டுவதற்குள் மற்றவர் சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். யார் முதலில் கொடுத்தார், யார் கை மேலே, யார் கை கீழே என்று பார்க்க அங்கே ஆளில்லை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மோட்டார்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

மோட்டார் இருமியது, உறுமியது, ஓடியது. தண்ணீர் குழாயில் ஏறும் சத்தம் முதல் மாடி, இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி என்று கேட்டது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். மோட்டார்க்காரர் அழுதேவிட்டார். மேலே அவள், மன்னிக்கவும், அவர், இந்நேரம் குழாயைத் திறந்திருப்பார்!

திறந்துதான் இருந்தார். எல்லா வீட்டிலும் திறந்துதான் இருந்தது. பிறகு படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. நன்றி சொல்லத்தான் வருகிறார்கள் என்று மோட்டார்க்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"யாரு பண்ண வேலை இது?" என்றார் தையல்காரம்மா. "அடுத்த மாசம் விமானம் ஏறணும் நான்! புதுசாத் துணியெல்லாம் தைச்சு வச்சிருக்கேன்!"

"என் துறை என்னத்துக்கு ஆகும்?" என்றார் அரைக்குவளைத் தாத்தா.

அக்கரை விருந்தினர்கள் குடங்களைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். மொழிபெயர்க்கும் பெண் சொன்னாள்: "இதுக்காக மாசக்கணக்காப் பயிற்சி எடுத்தாங்களாம். தண்ணி வர்ற ஊரைப் பாக்க எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்னு கேக்கறாங்க."

தராசு சார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "கெடுத்தீங்களே! நம்மகிட்ட இருந்த ஒரே சொத்து இந்தப் பஞ்சம். அதையும் தொலைச்சாச்சு. இனிமே அவங்களுக்கு எதைக் குடுப்பீங்க?"

"தண்ணி வருது சார்" என்றார் மோட்டார்க்காரர் பரிதாபமாக.

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

கூட்டம் விலகியது. மனைவி வந்தார். மோட்டார்க்காரருக்கு உயிர் வந்தது. "நீயே சொல்லு. உன் முட்டிக்காகத்தான இவ்வளவும்? ஐம்பத்து நாலு படி! பதினொரு குடம்!"

மனைவி கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை. "முட்டி வலிக்குதுதாங்க. இல்லைங்கல. ஆனா முப்பது வருஷமா நான் பேசினதை இந்த வீட்டுல காது குடுத்துக் கேட்டது யாரு? சரி சரின்னு தலையாட்டினீங்க. அங்க நாப்பது பேரு எழுதி வச்சுக்கறாங்க. தண்ணி வந்துட்டா நான் மறுபடியும் வெறும் மோட்டார்க்காரர் பொண்டாட்டி."

மனைவி சொன்னது அவ்வளவும் உண்மை. இதுவரை ஒரே ஒரு தடவைதான் அவர் பேச்சை இவர் எழுதி வைத்திருந்தார், அந்தப் படிவத்தில். அதிலிருந்துதான் இவ்வளவும் வந்தது.

சுவிட்சை அணைத்தார். மோட்டார் நின்றது. கட்டடமே ஆரவாரம் செய்தது. அக்கரைக்காரர்கள் குடங்களைத் தட்டி ஆடினார்கள். தராசு சார் அங்கேயே அறிக்கை எழுதினார்: 'இரு நாட்டுச் சமூகங்களும் தத்தம் மோட்டார்களை நல்ல நிலையில் வைத்துக்கொண்டே இயக்காமல் இருக்கும் முதிர்ச்சியை எட்டியுள்ளன.' பாராட்டாக மோட்டார்க்காரருக்கும் ஓர் அட்டை கொடுத்தார். 'இயக்காமை வல்லுநர்' என்று அதில் இருந்தது. அவர் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. சட்டைக்கு மேலே தெரியும்படிதான் மாட்டிக்கொண்டார்.

அம்மையார் விமானம் ஏறி இப்போது நாலு மாதம் ஆகிறது. அங்கே பாடத்தை நீட்டித்திருக்கிறார்கள். முட்டி வலி சுத்தமாகப் போய்விட்டதாம், படியேறுவதே இல்லையாம். வாரம் ஒருநாள் திரையில் கூட்டம் நடக்கிறது. சென்ற வாரம் இரு தரப்பின் அனுபவத்தையும் கேட்க, இரண்டு மோட்டார்க்காரர்களையும் உட்கார வைத்தார்கள். இவர் அப்போதுதான் பதினோராவது குடத்தை மூன்றாவது மாடியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். அவர் நாலாவது மாடியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். இருவருக்கும் பேச மூச்சில்லை. திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவரையொருவர் பார்த்து இரைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

தராசு சார் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு பேர் மூச்சையும் எண்ணினார். நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு. அந்தப் பக்கமும் முப்பத்திரண்டு. ஆறு வருஷ உத்தியோகத்தில் அவர் முதல் தடவையாக, இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை எழுதினார்.